சிவப்புக் கஃப் வைத்த அறுபத்துநான்கு சிப்பாய்கள்

சட்டை ஃபேக்டரியின் செக்கிங் பிரிவில் அவர் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகள் அவர் மேசையைக் கடந்து போகும். அதில் எப்படியும் நாற்பதைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்றாவது பொத்தான் அரை நூல் இடம் தள்ளியிருந்தால் போதும், தைத்தவளை வரவழைத்து, லைனில் இருக்கிற எல்லோரும் பார்க்க, அந்தப் பொத்தானை அவள் கையாலேயே பிரிக்கச் சொல்வார். "அவசரமில்லம்மா, மெதுவாப் பிரி. நாங்க காத்திருக்கோம்" என்பார். குரலை உயர்த்தியதே கிடையாது. கத்துகிற மேலதிகாரியை மனிதர்கள் ஒரு வாரத்தில் மன்னித்துவிடுவார்கள். இவரை மன்னிக்க யாருக்கும் வழி தெரியவில்லை. 'பொத்தான்' என்று பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. உள்ளூரச் சந்தோஷம்தான்.

வீட்டில் அவருக்கு ஒரு படை இருந்தது. ஆள்காட்டி விரலின் ஒரு கணு உயரத்தில் ஈயச் சிப்பாய்கள், குதிரை வீரர்கள், பீரங்கிகள். கண்ணாடி அலமாரியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வரிசையாக நின்றார்கள். யாராவது விருந்தாளி வந்து "பொம்மையெல்லாம் அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த விருந்தாளிக்கு இரண்டாவது டீ கிடையாது. பொம்மை அல்ல, மினியேச்சர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ இரண்டு பேரரசர்கள் ஓர் ஆற்றங்கரையில் மூன்று நாள் அடித்துக்கொண்டார்கள் அல்லவா, அந்தப் போரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேசைமேல் பிளைவுட் போட்டு, பகடை உருட்டி மறுபடி நடத்துவார்கள். வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். மற்றவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எதிரிக் குதிரைப்படை பாய்ந்து வரும்போதெல்லாம் மேசைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதிப்பார்.

ராணுவ வரலாற்றில் புதிதாக எந்தப் புத்தகம் வந்தாலும் பொத்தான் வாங்கிவிடுவார். போர் ஏன் மூண்டது, யார் ஜெயித்ததால் யாருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அவருக்கு இன்றுவரை தெரியாது. நடுவில் வருகிற வண்ணப் படங்களுக்கு நேராகப் போவார். எந்தப் படைக்கு எந்தக் காலர், கை நுனியில் எந்தக் கஃப், எத்தனை பொத்தான். பார்த்துவிட்டுத் தன் அலமாரிக்குப் போகமாட்டார். அடுத்த ஆட்டம் வரை பொறுத்திருந்து, மற்ற இருவரின் சிப்பாய்களிடம் போவார். ஒரு மனிதன் புத்தகம் வாங்குவதற்கு உலகத்தில் எத்தனையோ காரணங்கள் உண்டு. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பது அதில் மட்டமானதென்று சொல்லிவிட முடியாது, அவ்வளவு அக்கறையாகப் படிக்கவைக்கிற காரணம் வேறெது?

ஹால் சுவரில் ஆட்டத்தின் விதிகளை டைப் செய்து லேமினேட் போட்டு மாட்டியிருந்தார். நான்காவது விதி அவருடைய சொந்தத் தயாரிப்பு. வண்ணத்தில் சந்தேகம் வந்தால் கடைசியாக வெளிவந்த புத்தகம் சொல்வதே தீர்ப்பு. தப்பான வண்ணத்தில் இருக்கும் படை மேசையைவிட்டு இறங்க வேண்டும். அந்தப் படைக்கு உரியவர், முதல் சிப்பாயை அங்கேயே, எல்லோர் முன்னாலும், தன் கையால் திருத்திப் பூச வேண்டும். பூசி முடிக்கிற வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

இந்த விதி ஒரே ஒரு தடவைதான் முழுசாக அமலானது. நான்கு வருஷத்துக்கு முன், மருந்துக்கடைக்காரர் மேல்.

அவருடைய அம்மா நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சிரப் பாட்டில் மூடிகளில் ஒவ்வொரு சிப்பாயாக ஒட்டிவைத்து, மருந்துக்கடைக்காரர் ஓர் அறுபது பேருக்கு வண்ணம் பூசினார். கடைசிச் சிப்பாய் முடிந்த வாரத்தில் அம்மாவும் முடிந்தார். மூன்று வாரம் கழித்து அந்த அறுபது பேரையும் கொண்டுவந்து மேசையில் நிறுத்தினார். பொத்தான் துக்கம் விசாரித்தார். விசாரித்துவிட்டு, அந்த மாதம் வந்த புதுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். சிவப்புக் காலர் தப்பு, மஞ்சள்தான் சரி.

"சார், இன்னைக்கு மட்டும் ஆடிடலாமே. வீட்டுல போய் மாத்திடறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"விதின்னு ஒண்ணு இருக்கே. அவசரமில்ல, மெதுவாப் பூசுங்க. நாங்க காத்திருக்கோம்."

பூசினார். பாதியில் கண் கலங்கிவிட்டது. பொத்தான் டிஷ்யூ பேப்பரை நீட்டி, "பாத்து. தண்ணி பட்டா பெயிண்ட் திரிஞ்சிடும்" என்றார். டிரைவிங் ஸ்கூல்காரர் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு ஸ்கூட்டரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறமும் மருந்துக்கடைக்காரர் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தார். ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மூன்றே பேர் என்றால் கோபித்துக்கொண்டு எங்கே போவது?

போன வருஷம் பொத்தானின் வலது கட்டைவிரல் தானாக அசையத் தொடங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டிக்கொண்டே இருக்கும். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு மூன்று கடை தள்ளி மருந்துக்கடைக்காரரின் கடை இருந்தும், பொத்தான் பஸ் ஏறிப் போய், முகம் தெரியாத ஒரு கடையில் அந்த மாத்திரையை வாங்கினார். ஃபேக்டரியில் கையை பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சார் இப்பல்லாம் ஸ்டைலா நிக்கறார் என்று லைனில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நிலைமையில்தான் பார்சல் வந்தது. உள்ளே வண்ணம் பூசாத அறுபத்துநான்கு காலாட்படை மினியேச்சர்கள், பதினேழாம் படைப்பிரிவு. கூடவே அந்தப் போரின் சீருடைகளைப் பற்றி அப்போதுதான் அச்சாகி வந்த தடிப் புத்தகம். ஆறு வாரத்தில் பெரிய ஆட்டம். மூன்று நாள் போரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆடுவதாகப் பேச்சு. பதினேழாம் படைதான் அவர் பக்கத்தின் நடு வரிசை. அது மேசையில் நிற்காவிட்டால் அவரும் மேசையில் இல்லை.

முதல் சிப்பாய்க்குக் கண் வைக்கப் போனார். கண் கன்னத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். காதுக்குப் போனது. மூன்றாவது தடவை பிரஷ்ஷே கீழே விழுந்தது.

அவருடைய மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேக்கரியில் கேக் மேல் கிரீமால் பெயர் எழுதுவதும் பூ வைப்பதும் அவர் வேலை. பத்தொன்பது வருஷமாகக் காலை ஷிஃப்ட். "சர்க்கரையில கோலம் போடறதெல்லாம் ஒரு வேலையா" என்பது பொத்தானின் பழைய ஜோக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அம்மாள்கூட அதற்குச் சிரித்திருக்கிறார்.

"குடுங்க இப்படி" என்று பிரஷ்ஷை எடுத்தார். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரு கண், இன்னொரு கண். புருவம்கூட வைத்துவிட்டார்.

பொத்தான் அந்தச் சிப்பாயை லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தப்பே இல்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"சரி, பூசு. நான் சொல்ற கலர், சொல்ற எடம். இது வெளிய மூச்சு வரக்கூடாது. யாராவது கேட்டா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பான்னு சொல்லிடு."

"ஏன், நான் பூசினேன்னு சொன்னா மானம் போயிடுமா?"

"சொன்னதைச் செய்."

தினமும் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அவர் பூசினார், இவர் பக்கத்தில் நின்று செக்கிங் செய்தார். பேக்கரியிலிருந்து களைத்து வந்து நான்கு சட்டைகளுக்கு நீலம் அடித்துவிட்டு நிமிர்ந்தால், "அந்த ஆளுக்கு ஆறாவது பொத்தான் எங்க?" என்று பொத்தான் கேட்பார். அந்த அம்மாளும் வைப்பார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பூசுவதை நிறுத்திவிட்டு, புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கஃப்புக்கு சிவப்புன்னு சொன்னீங்களே. படத்துல சிவப்புதான் இருக்கு. ஆனா பின்னாடி, குறிப்புல வேற மாதிரி போட்டிருக்கானே. இந்தப் போர் நடந்த வருஷத்துல இவங்களுக்கு வெள்ளை கஃப்பாம். சிவப்பு அதுக்கப்புறம்தானாம்."

"உன்னை யாரு குறிப்பெல்லாம் படிக்கச் சொன்னா?"

"ஆர்டர் சீட்டை முழுசாப் படிக்காம நான் கிரீம் பையைத் தொடமாட்டேன். ஒரு எழுத்து தப்பாச்சுன்னா மொத்தக் கேக்கும் போச்சு."

"கேக்குல பேர் எழுதறவ எனக்கு யூனிஃபார்ம் சொல்லித் தரப்போறியா? முப்பது வருஷமா இதைப் பாக்கறேன். படத்துல என்ன இருக்கோ அதைப் பூசு."

அந்த அம்மாள் சேலைமுந்தியில் செருகியிருந்த அன்றைய பேக்கரி ஆர்டர் சீட்டை எடுத்து, அந்தப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார். அடையாளத்துக்கு வைத்தாரா, வேறெதற்காவது வைத்தாரா என்று கேட்டால் அவரே சொல்லமாட்டார். அப்புறம் சிவப்பு டப்பாவைத் திறந்து, அறுபத்துநான்கு பேருக்கும், ஆளுக்கு இரண்டாக, நூற்று இருபத்தெட்டு சிவப்புக் கஃப்களைப் பூசினார். ஒன்றுகூட ஓரம் தாண்டவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். பொத்தான் பதினேழாம் படையை மேசை நடுவில் எட்டு எட்டாக நிறுத்தி, மேலே விளக்கைப் போட்டிருந்தார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் குனிந்தவர் நிமிரவில்லை. "அண்ணே, இது கையா மெஷினா? புருவம்லாம் இருக்கு! இந்த வயசுல உங்க கண்ணும் கையும் இப்படி வேலை செய்யுதுன்னா, என் ஸ்கூல்ல வந்து சேருங்கண்ணே. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத பசங்களுக்கு உங்களைக் காட்டணும்."

"பழக்கம்தான்" என்றார் பொத்தான். கை பாக்கெட்டில் இருந்தது.

மனைவி டீ கொண்டுவந்தார். "பாத்தீங்களா அண்ணி உங்க வீட்டுக்காரரை? நீங்க கேக்குல பூ வைக்கறீங்க, அவரு பூவுக்கே புருவம் வைப்பாரு போல" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். அந்த அம்மாள் டம்ளர்களை வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை.

மருந்துக்கடைக்காரர் லென்ஸை எடுத்து ஒரு சிப்பாயை முன்னும் பின்னும் பார்த்தார். வைத்தார். மேசை ஓரத்தில் புதுப் புத்தகம் இருந்தது. ஒருவருக்கு வேலை இல்லாதபோது கை போகுமே, அப்படிக் கை போனது. புத்தகம் ஆர்டர் சீட்டு இருந்த இடத்தில் திறந்துகொண்டது. சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவர் படித்தார். மறுபடி படித்தார். அப்புறம் சத்தமாகப் படித்தார், பிரிஸ்கிரிப்ஷன் வாசிக்கிற குரலில். பதினேழாம் படை, இந்தப் போர் நடந்த ஆண்டில், வெள்ளைக் கஃப்.

டிரைவிங் ஸ்கூல்காரரின் கால் மேசைக்கு அடியில் பிரேக்கை மிதித்தது.

"படத்துல சிவப்பு போட்டிருக்கான்" என்றார் பொத்தான்.

"படம் அடுத்த வருஷத்துது சார். குறிப்புலயே போட்டிருக்கான். பொடி எழுத்து. உங்களுக்குப் பொடி எழுத்து தெரியாதா என்ன?"

"அப்படின்னா சரி... இன்னைக்கு ஆட்டத்தை முடிச்சிடுவோம். மூணு நாள் போர், நேரம் பத்தாது. ராத்திரிக்குள்ள மாத்திடறேன்."

மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். லேமினேஷனில் விளக்கு பளபளத்தது. அவர் எதையும் படித்துக் காட்டவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து வெள்ளை பெயிண்ட் டப்பாவையும் மெல்லிய பிரஷ்ஷையும் எடுத்துவந்து, முதல் வரிசையின் முதல் சிப்பாயைத் தூக்கி, மூன்றையும் பொத்தான் முன்னால் ஒழுங்காக வைத்தார். தன் கடைச் சரக்கான சிரப் மூடி ஒன்றையும் தன் பையில் தேடி எடுத்து, சிப்பாயை அதன்மேல் நிறுத்தினார்.

பொத்தான் கையை வெளியே எடுக்கவில்லை. "பிரஷ் சரியில்ல. முடி பிரிஞ்சிருக்கு."

"அண்ணி, அண்ணனுக்கு வேற பிரஷ் எடுத்துக் குடுங்களேன். எது நல்ல பிரஷ்ஷுனு உங்களுக்குத் தெரியாதா?" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் வாசலைப் பார்த்துக் கேட்டார். பாவம், நிலைமையை லேசாக்க நினைத்துத்தான் கேட்டார்.

பொத்தானும் திரும்பிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் மனைவியை அப்படிப் பார்த்தது அதுவே முதல் தடவை. ஒரு வார்த்தை போதும். நான்தான் பூசினேன், நானே மாத்திடறேன் என்று அந்த அம்மாள் சொன்னால் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். அவமானம்தான், ஆனால் இந்தக் கை வெளியே வரவேண்டியதில்லை.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா" என்றார் மனைவி.

கை வெளியே வந்தது. இரண்டு விரல்களும் அந்த மாத்திரையை உருட்டிக்கொண்டே பிரஷ்ஷை நோக்கிப் போயின. பிரஷ் டப்பாவின் விளிம்பில் டகடகவென்று தட்டியது, டெலிபோன் மணி மாதிரி. டிரைவிங் ஸ்கூல்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு அரை நொடியில் புரிந்துவிட்டது. அந்த மாதிரி விரல்களை அவர் கவுன்ட்டருக்கு எதிரே தினமும் பார்க்கிறார். சீட்டை நீட்டும்போதே எந்த மாத்திரை என்று சொல்லிவிடுவார். அவர் முகம் இளகியது. விடுங்க சார், டீயைக் குடிங்க என்று சொல்லி மூடியை எடுத்துவிடுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது. ஒரு மனிதர் நல்லவராகிவிடுவதற்குப் போதுமான நேரம்தான் அது.

"அவசரமில்ல சார்" என்றார். "மெதுவாப் பூசுங்க. நாங்க காத்திருக்கோம்."

காத்திருந்தார்கள். வெள்ளை முதலில் துப்பாக்கியில் விழுந்தது. அப்புறம் இடுப்பில். பொத்தான் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இப்போது இரண்டு கையும் ஆடியது. கடைசியில் பிரஷ் சிப்பாயின் முகத்தில் போய் நின்று, கண்ணையும் புருவத்தையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தது. வாசலில் நின்ற அம்மாள் அப்போது மட்டும் ஒரு சத்தம் போட்டார். புருஷனுக்காக அல்ல. அந்தப் புருவத்துக்கு அவர் மூச்சைப் பிடித்திருந்தார்.

மருந்துக்கடைக்காரர் மீதி அறுபத்துமூன்று பேரையும் ஒவ்வொருவராக மேசையிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். கால் ஒடியாமல், பெயிண்ட் உரசாமல், ரொம்பப் பொறுப்பாக. நடு வரிசை காலியானது. நடு வரிசை இல்லாத படைக்குத் தளபதி வேண்டாம் என்பதால் மற்ற இருவரும் பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். அது பொத்தானின் வீடு, பொத்தானின் மேசை, பொத்தானின் பகடை. அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றங்கரைப் போர் மூன்று மணிக்கெல்லாம் முடிந்தது. யார் ஜெயித்தது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

செருப்பு மாட்டும்போது மருந்துக்கடைக்காரர் அருகில் வந்து, மற்றவருக்குக் கேட்காமல் சொன்னார். "மாத்திரைய நம்ம கடையிலயே வாங்கிக்கலாமே சார். எதுக்கு வேற எங்கயோ போய் வாங்கறீங்க?" அது பரிவா, மிச்சம் வைத்திருந்த கடைசிக் குத்தா என்று பொத்தான் அன்று மாலை முழுக்க யோசித்தார். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பொத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி ஆனது. பழக்கதோஷம், இருவரும் மேசைக்கு வந்துவிட்டார்கள். மனைவி பெட்டியைத் திறந்து, வரிசையைப் பார்த்தார். முகம் போன சிப்பாயைத் தனியே எடுத்து வைத்தார்.

"மூணு நாள்ல எல்லாத்துக்கும் வெள்ளை பூசிடலாம். இவனுக்கு முகத்தையும் புதுசா வெச்சிடலாம். பூசட்டுமா?"

"பூசு" என்றார் பொத்தான். முந்திக்கொண்டு வந்தது அந்த வார்த்தை.

"அடுத்த ஆட்டத்தப்போ, இவதான் பூசினான்னு அவங்ககிட்ட சொல்வீங்களா?"

பொத்தான் ஜன்னலைப் பார்த்தார். எதிர்வீட்டு ஸ்கூட்டர் அங்கேயே நின்றது.

"ஒரு வார்த்தைங்க. பத்தொம்பது வருஷமா ஊர்ல இருக்கிற குழந்தைங்க பேரையெல்லாம் எழுதறேன். என் பேரை எங்கயும் எழுதச் சொல்லலை. வாயால சொன்னாப் போதும்."

அவர் எழுந்துபோய் டெலிபோனை எடுத்தார். எண்ணை அழுத்த நான்கு தடவை முயன்றார். மனைவி எழுந்து வந்து அழுத்திக் கொடுக்கவில்லை. ஐந்தாவது தடவை டிரைவிங் ஸ்கூல்காரர் கிடைத்தார்.

"தம்பி, இனிமே ஆட்டத்தை உங்க வீட்டுலயே வெச்சுக்கங்க. என்னால முடியாது... அதெல்லாம் ஒண்ணுமில்ல. கண்ணு சரியில்ல. பொடி எழுத்து தெரியல. ஆமா, கண்ணுதான்."

அவர் பேசி முடிப்பதற்குள் மனைவி பிரஷ்களை அலசி, துடைத்து, நுனியைக் கூராக்கி நிறுத்திவைத்தார். அறுபத்துமூன்று பேரைப் பெட்டியில் மூடினார். முகமில்லாதவனை அலமாரியில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி முன் வரிசையில் வைத்தார். பிறகு வெள்ளை பெயிண்ட் டப்பாவின் மூடியைப் போட்டு, ஒரு சுற்று திருகி, இன்னொரு சுற்றும் திருகினார். பொத்தானின் கையால் இனி திறக்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டதா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு, அதை அவர் நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.